பூச்சி எண்ணும் தூண்டில்காரர்கள்

2013 ஜூலைத் தொடக்கத்தில், தென் இங்கிலாந்தின் மார்ல்பரோ ஊரை ஒட்டி ஓடும் கென்னெட் ஆற்றில், தூண்டில் போடும் தன்னார்வலர்கள் வழக்கமான பூச்சிக் கணக்கெடுப்புக்காக வலையோடு இறங்கினார்கள். தண்ணீரைப் பார்த்து எந்தக் குறையும் சொல்ல முடியாது. மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கவும் இல்லை. ஆனால் வலையில் வந்தவை செத்த உயிர்களும் சாகக் கிடந்த உயிர்களும்தான். நூற்றுக்கணக்கில் துள்ளிக்கொண்டிருக்க வேண்டிய நன்னீர்க் கூனிகள் அசைவற்றுக் கிடந்தன.

அவர்கள் உடனே இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் கொடுத்தார்கள். முகமையின் ஆய்வாளர்கள் வந்து நீரைச் சோதித்தபோது குற்றவாளி அகப்பட்டது: குளோர்பைரிபாஸ். நம் ஊரில் கரையானுக்கும் பயிர்ப்பூச்சிக்கும் அடிக்கிற அதே மருந்து. மார்ல்பரோவின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாக அது ஆற்றுக்குள் போயிருந்தது. யாரோ ஒருவர் மீந்துபோன மருந்தைக் கழிவுநீர்க் குழாயில் கொட்டியிருக்க வேண்டும். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றின் பூச்சிகளும் கூனிகளும் அழிந்துபோயின. இத்தனைக்கும் காரணமான மருந்து இரண்டு தேக்கரண்டி அளவே இருந்திருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

இரண்டு தேக்கரண்டி ஓர் ஆற்றைக் கொல்லுமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு தேக்கரண்டி என்பது 10 மில்லிலிட்டர். தூய குளோர்பைரிபாஸாக இருந்தால் அதன் எடை சுமார் 14 கிராம். நன்னீர்க் கூனிகளில் பாதியை நான்கு நாட்களில் கொல்ல, ஒரு லிட்டர் நீரில் சுமார் 0.1 மைக்ரோகிராம் இருந்தால் போதும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அப்படியானால் 14 கிராம் மருந்தால் 14 கோடி லிட்டர் நீரை நஞ்சாக்க முடியும். அந்த ஆற்றில் வாழும் ட்ரவுட் மீன் சாக வேண்டுமானால் அதைப்போலப் பல பத்து மடங்கு செறிவு தேவை. அதனால்தான் மீன் சாகவில்லை, மீனின் சாப்பாடு மட்டும் செத்தது.

அந்த மருந்து வேலை செய்யும் விதமும் இதை விளக்குகிறது. நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள்களில் ஒன்று அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் அதைச் சிதைத்து அப்புறப்படுத்த ஒரு நொதி இருக்கிறது. குளோர்பைரிபாஸ் உடலுக்குள் போய் மாற்றமடைந்து இந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடுகிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்க, உயிர் துடித்து, வலித்து, அடங்குகிறது. மனிதருக்கும் இதே நொதி உண்டு. கூடுதல் அளவில் நம்மையும் கொல்லும். ஆனால் சிறிய உடலும் வெளிப்புறச் செவுளும் கொண்ட நீர்ப்பூச்சிகள் முதல் வரிசையில் நிற்கின்றன.

மாதாமாதம் வலை போட்டு எண்ணும் ஆட்கள் அந்தக் கரையில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மருந்து இரண்டொரு நாளில் கீழே ஓடித் தேம்ஸில் கலந்திருக்கும். நீரை யார் சோதித்தாலும் சுத்தம் என்றே முடிவு வந்திருக்கும். அடுத்த கோடையில் மீன் ஏன் மெலிந்திருக்கிறது, ஆற்றோரத்துப் பறவைகள் ஏன் குறைந்தன என்று ஆளாளுக்கு ஊகம் செய்துகொண்டிருப்பார்கள்.

பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கிறவர்கள் ஏன் பூச்சி எண்ண வேண்டும் என்பதற்கு விடை அந்த ஆற்றின் நிலவியலிலேயே தொடங்குகிறது. கென்னெட் ஒரு சுண்ணப்பாறை ஆறு. வில்ட்ஷைர் மாவட்டத்து மேடுகளில் பெய்யும் மழை, நுண்துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த வெண்ணிறச் சுண்ணப்பாறைக்குள் இறங்கி, பல மாதங்கள் அங்கேயே தங்கி, ஊற்றாக வெளியே வருகிறது. அப்படி வரும் நீர் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறத்தாழ 10 அல்லது 11 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே இருக்கும். பாறையே வடிகட்டுவதால் கலங்கல் இராது. கால்சியம் மிகுந்திருப்பதால் கூனி, நத்தை போன்ற ஓட்டுயிர்கள் செழிக்கும். நீருக்கடியில் ரனன்குலஸ் என்ற செடி நீண்ட கூந்தலாக அலைய, கோடையில் அதன் வெள்ளைப் பூக்கள் நீர்ப்பரப்பில் மிதக்கும். இத்தகைய ஆறுகள் இங்கிலாந்தில் 200க்கு மேல் இருக்கின்றன. உலகில் உள்ளவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரு நாட்டிலேயே அடங்கிவிடுகின்றன.

குளிர்ந்த, நிதானமான இந்த நீரில் பழுப்பு ட்ரவுட் காலங்காலமாக வாழ்ந்துவருகிறது. அது ஆக்சிஜன் நிறையக் கேட்கும் மீன். 10 டிகிரி நீர் ஒரு லிட்டரில் 11 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலான ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் அது 9 மில்லிகிராமாகச் சுருங்கிவிடும். அதே வேளையில் சூடு ஏற ஏற மீனின் உடலுக்கு ஆக்சிஜன் தேவையும் ஏறும். வரவு குறைந்து செலவு கூடும் இடம் அது. நீர் 20 டிகிரியைத் தாண்டினால் ட்ரவுட் தீனி எடுப்பதைக் குறைத்து, ஊற்று வாயையும் நிழலையும் தேடிப் போகும். இன்னும் சில டிகிரி ஏறி அப்படியே நின்றால் உயிருக்கே ஆபத்து.

இந்த மீனைப் பிடிக்கிறவர்கள் பூச்சியைத் தெரிந்துவைத்திருக்கத்தான் வேண்டும். ட்ரவுட்டின் சாப்பாட்டில் பெரும்பங்கு நீர்ப்பூச்சிகள். எந்தப் பூச்சி எந்த வாரம், எந்தப் பொழுதில் நீரைவிட்டு எழும் என்று கவனித்து, அதே உருவில் இறகும் நூலும் கொண்டு செயற்கைப் பூச்சி கட்டித் தூண்டிலில் மாட்டுவது அவர்கள் கலை. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அந்த அறிவுதான் இன்று ஆற்றைக் காக்கும் கருவியாக மாறியிருக்கிறது. இதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். ஆறுகளைக் காப்பது பற்றி நாம் பேசும்போது சட்டம், நிதி, ஆய்வகம் என்று பெரிய சொற்களில் தொடங்கிவிடுகிறோம். ஒரே இடத்தில், ஒரே முறையில், விடாமல் எண்ணும் பத்துப் பேர் இருந்தால் அவையெல்லாம் பின்னாலேயே வந்து சேரும் என்பதற்குக் கென்னெட் சாட்சி.

எண்ணும் முறை எளிது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் சிரில் பென்னெட். தூண்டில்காரரும் பூச்சி ஆய்வாளருமான அவர் இங்கிலாந்தின் வே ஆற்றில் பல ஆண்டுகள் பூச்சிகளைக் கணக்கெடுத்தவர். 2007 முதல் இந்த முறை பிரிட்டன் முழுவதும் பரவியது. ஒரு நாள் பயிற்சி போதும். ஆற்றில் இறங்கி, நீரோட்டம் வரும் திசைக்கு எதிராக வலையின் வாயை ஊன்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலைக்கு முன்னால் இருக்கும் கூழாங்கற்களைக் காலால் கிளற வேண்டும். கல்லுக்கடியில் ஒட்டியிருக்கும் உயிர்கள் பிடி தளர்ந்து நீரோட்டத்தோடு வலைக்குள் வரும். இப்படி மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தையும் ஓடுநீர், தேங்குநீர், செடிக்கூட்டம், கரையோரம் என்று பகிர்ந்துகொள்ள வேண்டும். பிறகு ஒரு நிமிடம் கற்களைக் கையில் எடுத்துத் துழாவிப் பார்க்க வேண்டும். கிடைத்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, இனவாரியாகப் பிரித்து, எண்ணி, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடலாம்.

எண்ணுவது எட்டே எட்டுக் கூட்டங்களை. அவற்றில் நான்கு, மேஃபிளை என்னும் நீர்ப்பூச்சியின் வகைகள். அடுத்து காடிஸ் பூச்சிகளில் இரண்டு பிரிவு: மணல்துகளையும் குச்சியையும் பட்டுநூலால் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் வாழ்வது ஒன்று, கூடில்லாமல் திரிவது மற்றொன்று. ஏழாவது ஸ்டோன்ஃபிளை என்னும் நீர்ப்பூச்சி. எட்டாவது கூனி. நூற்றுக்கணக்கான நீர்வாழ் இனங்களில் இந்த எட்டை மட்டும் பொறுக்கியதற்குக் காரணம், வெறுங்கண்ணால் அடையாளம் காண முடிவதும், அழுக்குக்கு முதலில் விழுவதும் இவைதான். ஸ்டோன்ஃபிளைக்குக் குறையாத ஆக்சிஜன் வேண்டும். தட்டையுடல் மேஃபிளை வேகநீரில் கல்லோடு கல்லாக அப்பிக் கிடக்கும். கல்லின் மேல் சேறு படிந்தால் அதற்கு இடமில்லை. 

மதிப்பெண் போடுவதில்தான் இந்த முறையின் நுட்பம் இருக்கிறது. ஒன்று முதல் 9 வரை கிடைத்தால் ஒரு மதிப்பெண். 10 முதல் 99 வரை இரண்டு. 100 முதல் 999 வரை மூன்று. ஆயிரத்தைத் தொட்டால் நான்கு. முன்னூற்று நாற்பது கூனியா, நானூறு கூனியா என்பதைப் பற்றிக் கவலையில்லை, இரண்டுக்கும் மூன்றுதான். காலால் கிளறி எடுக்கும் மாதிரி ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அந்தச் சிறு மாற்றங்களையெல்லாம் பத்தின் மடங்குகளில் அமைந்த இந்த அளவுகோல் விழுங்கிவிடும். ஆனால் ஆற்றில் உண்மையான கேடு நேர்ந்தால் எண்ணிக்கை பத்தில் ஒன்றாக, நூற்றில் ஒன்றாகச் சரியும். அது தப்பாமல் மதிப்பெண்ணில் தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை நம்பி நடத்தும் கணக்கெடுப்புக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் அமைவது கடினம்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அபாய எல்லையை முகமையின் உயிரியலாளர்களே வகுத்துக் கொடுக்கிறார்கள். எட்டுக் கூட்டங்களின் மொத்த மதிப்பெண் அந்த எல்லைக்குக் கீழே போனால் தன்னார்வலர் மறுபடி ஒரு முறை மாதிரி எடுப்பார். அதிலும் குறைந்தால் முகமைக்குத் தொலைபேசி. அதற்குப் பிறகு வேலை அரசாங்கத்துடையது. தன்னார்வலர் குற்றம் சாட்டுவதில்லை. மணி அடிப்பதோடு சரி. ஆனால் அந்த மணியை அடிக்க, முந்தைய மாதங்களின் கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும். கென்னெட்டில் 2013இல் அந்தக் கணக்கு இருந்தது.

வேதிச் சோதனை இருக்கப் பூச்சி எதற்கு என்று கேட்கலாம். குப்பியில் பிடித்த நீர், பிடித்த நொடியின் நிலையைச் சொல்லும். முந்தாநாள் இரவு ஓடிப்போன நஞ்சை அது அறியாது. அதோடு, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் வேதிச் சோதனையில் தேட முடியும். பூச்சியோ மாதக்கணக்கில் அதே கல்லுக்கடியில் கிடந்து, வந்ததையெல்லாம் அனுபவிக்கிறது. பெரிய மேஃபிளையின் இளம்பருவம் ஆற்றடி வண்டலில் இரண்டு ஆண்டு வரை புதைந்து வாழும். பிறகு மே, ஜூன் மாதங்களில் மழைக்காலத்துப் புற்றீசல்போலத் திரளாக எழுந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு, இரண்டொரு நாளில் மடியும். சிறகு முளைத்த பிறகு அதற்கு உண்ணும் வாயே கிடையாது. அப்படியொரு பூச்சி ஒரு மாலையில் திரண்டு எழுந்தால், கடந்த இரண்டு ஆண்டும் அந்த ஆற்றடியில் பெருங்கேடு எதுவும் நேரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நஞ்சு ஓடிய பிறகு ஆறு எப்படி மீள்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. மேஃபிளைக்கும் காடிஸுக்கும் சிறகு உண்டு. கிளையாறுகளிலிருந்து பறந்து வந்து முட்டையிடலாம். கூனிக்குச் சிறகில்லை. மேலே நஞ்சு தொடாத பகுதியிலிருந்து பெரும்பாலும் நீரோட்டத்தோடு மிதந்து வந்துதான் குடியேற வேண்டும். மேல்பகுதியும் கிளையாறுகளும் உயிரோடு இருந்தால்தான் நடு ஆறு மீளும். பெரிய ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடைகளைச் சாக்கடையாக விடுகிறவர்களுக்கு இந்த உண்மை உறைக்க வேண்டும்.

கென்னெட் கரையில் நடப்பது பூச்சிக் கணக்கு மட்டுமல்ல. ஆற்றில் நீர் குறைந்துவருவதைக் கண்டு உள்ளூர் மக்கள் 1990இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ‘ஆக்‌ஷன் ஃபார் தி ரிவர் கென்னெட்’ என்பது அதன் பெயர். அவர்களுடைய முதல் போராட்டமே நீருக்கானது. ஆக்ஸ்ஃபோர்ட் (Axford) என்ற கிராமத்தருகே சுண்ணப்பாறையிலிருந்து நீரை இறைத்து, ஆற்றின் வடிநிலத்துக்கு வெளியே இருக்கும் சுவிண்டன் நகரத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். இறைத்த நீர் கழிவுநீராகக்கூட கென்னெட்டுக்குத் திரும்பி வராது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால் ஊற்று வற்றும், ஊற்று வற்றினால் ஆறு மெலியும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் சளைக்காமல் பேசியதன் பலனாக, தேம்ஸ் நீரைச் சேமிக்கும் வேறொரு நீர்த்தேக்கத்திலிருந்து சுவிண்டனுக்குக் குழாய் போடப்பட்டது. 2017இல் அது பயன்பாட்டுக்கு வந்ததும் ஆக்ஸ்ஃபோர்டில் இறைப்பு வெகுவாகக் குறைந்தது.

வார இறுதிகளில் வேறு வேலை. ஆலைகளுக்காகவும் வெள்ளம் வடியவும் பல நூற்றாண்டுகளாகத் தோண்டி அகலப்படுத்திய ஆற்றை மறுபடி குறுக்குகிறார்கள். வெட்டிய மரக்கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, ஓரங்களில் முளையடித்து நிறுத்துகிறார்கள். ஆற்றைக் குறுக்குவது அதற்கு நன்மையா? ஒரு நொடிக்கு ஓடும் நீரின் அளவு மாறாதபோது, அகலம் குறைந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் நடுவில் படிந்த சேறு அடித்துக்கொண்டு போகும். கீழே கூழாங்கல் தெரியும். ஓரத்துக் கிளைக்கட்டுகளுக்குள் சேறு தங்கி, அங்கே கோரையும் நாணலும் முளைத்துப் புதிய கரை உருவாகும்.

கூழாங்கல் தெரிவதில் அவர்களுக்கு ஏன் அத்தனை அக்கறை? அதுதான் ட்ரவுட்டின் பிரசவ அறை. நவம்பர் முதல் ஜனவரி வரை பெண்மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் சரளையை அடித்துக் குழி பறிக்கும். அதில் முட்டையிட, ஆண்மீன் விந்து பீய்ச்ச, பெண்மீன் மறுபடி மேலே இருந்து சரளையைத் தள்ளி மூடும். 10 டிகிரி நீரில் முட்டை பொரிய நாற்பது நாளுக்கு மேல் ஆகும். பொரிந்த குஞ்சும் மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு மேலும் சில வாரங்கள் கல்லிடுக்கிலேயே இருக்கும். அத்தனை காலமும் கல்லிடுக்கு வழியாக நீர் ஓடி ஆக்சிஜன் கொடுத்தாக வேண்டும். உழுத வயலிலிருந்தும் சாலையிலிருந்தும் வரும் நுண்மணல் அந்த இடுக்குகளை அடைத்தால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அலெக்சாண்டர், ஹேன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஹண்ட் க்ரீக் என்ற ஓடையில் வேண்டுமென்றே சில ஆண்டுகள் மணலைக் கொட்டிப் பார்த்தார்கள். 1986இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, ட்ரவுட்டின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. நீரின் தூய்மையில் எந்தக் குறையும் இல்லை. மணல் ஒன்றே போதுமானதாக இருந்தது.

கோடையில் இமயத்துக் காசித்தும்பையைப் பிடுங்கும் நாள்கள் வரும். நம் வீட்டுத் தோட்டத்துக் காசித்தும்பையின் உறவுச்செடியான இது, 1839இல் அழகுக்காக பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டது. காய் வெடித்து விதையைச் சில மீட்டர் தூரம் எறியும். ஆற்றங்கரை முழுவதையும் ஆக்கிரமித்து உள்ளூர்ச் செடிகளை அமுக்கிவிடும். பனிக்காலத்தில் ஒரேயடியாக மடிந்து கரையை வெறுமையாக்கும். அப்போது வரும் வெள்ளம் கரையை அரித்து மண்ணையெல்லாம் சரளையின் மேல் கொண்டுவந்து போடும். வேர் ஆழமில்லாததால் கையாலேயே பிடுங்கிவிடலாம். விதை முற்றுவதற்கு முன் பிடுங்க வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை என்பதால் இந்நாள்களுக்கு ஆள் குறைவதில்லை.

தூண்டில் கழகங்கள் எப்போதும் இந்த வழியில் இருந்தன என்று சொல்ல முடியாது. நீண்ட காலம் அவர்களுடைய தீர்வு, பண்ணையில் வளர்த்த மீனை வாங்கி ஆற்றில் விடுவதாகவே இருந்தது. மீன் குறைகிறதா, இன்னும் ஆயிரம் விடு. இந்த எண்ணத்தை எதிர்த்து 1959 ஜூலையில் மிச்சிகனின் ஓ சேபிள் ஆற்றங்கரையில், ஜார்ஜ் கிரிஃபித் என்பவர் வீட்டில் பதினாறு பேர் கூடி ‘ட்ரவுட் அன்லிமிட்டெட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அருகில் இருக்கும் ஊரின் பெயர் கிரேலிங். அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த கிரேலிங் மீன், மரம் வெட்டியவர்கள் ஆற்றில் உருட்டிவிட்ட கட்டைகள் முட்டையிடும் சரளையைப் பெயர்த்ததாலும், கணக்கில்லாமல் பிடிக்கப்பட்டதாலும், வெளியிலிருந்து விடப்பட்ட மீன்களின் போட்டியாலும், 1930களில் அந்த மாநிலத்திலிருந்தே மறைந்துபோயிருந்தது. ஆற்றைச் சரிசெய்தால் மீன் தானே பெருகும் என்பது கூடியவர்களின் வாதம்.

வாதத்துக்குச் சான்று மொன்டானா மாநிலத்திலிருந்து வந்தது. மேடிசன் ஆற்றில் ரிச்சர்ட் வின்சென்ட் என்ற மீன்வள உயிரியலாளர், பண்ணை மீன் விடும் பகுதிகளையும் விடாத பகுதிகளையும் ஒப்பிட்டார். பண்ணை மீன் விடுவதை நிறுத்திய இடத்தில் ஆற்றிலேயே பிறந்த மீன்கள் பெருகின. விட்ட இடத்தில் அவை குறைந்தன. பண்ணைத் தொட்டியில் நெருக்கடியில் வளர்ந்த மீனுக்கு ஆற்றின் இடப்பங்கீடு தெரியாது. காட்டு மீன் காத்துவைத்திருக்கும் இடத்தில் புகுந்து அதை அலைக்கழித்துவிட்டு, கடைசியில் தானும் பெரும்பாலும் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. 1974இல் மொன்டானா, காட்டு ட்ரவுட் வாழும் ஆறுகளில் மீன் விடுவதையே நிறுத்திவிட்டது. அன்று மீன்பிடிப்பவர்களில் பலர் கொதித்தார்கள். இன்று உலகம் முழுவதிலிருந்தும் தூண்டில்காரர்கள் அந்த ஆறுகளைத் தேடி வருகிறார்கள்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதும் கழகங்கள் கற்றுக்கொடுக்கும் ஒழுக்கங்களில் ஒன்று. அதிலும் அறிவியல் இருக்கிறது. ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், களைத்துப்போகும்வரை விரட்டிய வானவில் ட்ரவுட்களில் 12 சதவீதம் இறந்தன. விரட்டிய பிறகு 30 நொடி நீருக்கு வெளியே வைத்தவற்றில் 38 சதவீதம். ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 சதவீதம். காற்றில் செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் மூச்சு அடைபடுகிறது. படம் எடுக்க மீனைத் தூக்கிப் பிடிக்கும் நேரம் எவ்வளவு விலை உயர்ந்தது என்று இந்த எண்கள் சொல்கின்றன. ஆகவே முள்ளில்லாத தூண்டில், நனைத்த கை, நீரிலேயே விடுவிப்பு. நீர் சூடேறிய நாளில் தூண்டிலே போடாமல் வீட்டில் இருப்பது அதைவிட நல்லது.

இந்த ஆற்றுக் கழகங்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஒரே மீனின் மேல் வைத்த அன்பு மற்ற உயிர்களை மறைத்துவிடக்கூடும். பிரிட்டிஷார் தங்கள் ஆட்சிப்பகுதிகளின் குளிர்மலைகளுக்கெல்லாம் ட்ரவுட்டைச் சுமந்து சென்றார்கள். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் எச். சி. வில்சன் ட்ரவுட் குஞ்சுப் பண்ணையை நிறுவினார். இலங்கையின் நுவரெலியா ஓடைகளிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே அது விடப்பட்டது. கென்னெட்டில் மண்ணின் மைந்தனான மீன், நம் மலைகளில் அந்நியன். அங்கிருக்கும் சிறு மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் பூச்சிகளையும் தின்று வாழும் வேட்டையாடி. நம் சோலை ஓடைகளுக்கு மேலும் ட்ரவுட் வேண்டாம். கென்னெட்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மீனை அல்ல, வலையையும் வெள்ளைத் தட்டையும்.

அதற்கு வேண்டிய அடித்தளம் இங்கே இருக்கிறது. அவர்கள் எண்ணும் மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, காடிஸ் ஆகியவற்றின் உறவினங்கள் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகள் எங்கும் உண்டு. மதுரை, மதுரா கல்லூரியின் விலங்கியல் பேராசிரியராக இருந்த கே. ஜி. சிவராமகிருஷ்ணன் இந்த மலைகளின் மேஃபிளைகளை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து, புதிய பேரினங்களையே விவரித்து, ஒரு மாணவர் பரம்பரையை உருவாக்கியிருக்கிறார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஆற்றடிச் சிற்றுயிர்களைக் கொண்டு நீரின் தரத்தை மதிப்பிடும் முறையை வகுத்துவைத்திருக்கிறது. குளோர்பைரிபாஸ் நம் உரக்கடைகளில் கிடைக்கிறது. தேயிலைத் தோட்டமும் காய்கறி வயலும் நம் ஆறுகளின் தலைமாட்டிலேயே இருக்கின்றன. இல்லாதது, மாதம் தவறாமல் ஒரே இடத்தில் இறங்கி எண்ணும் ஆட்கள்தான்.

பவானி, மோயாறு, சிறுவாணி, தாமிரபரணி, கோதையாறு ஆகியவற்றின் கரைகளில் இருக்கும் கல்லூரி விலங்கியல் துறைகளுக்கும், பள்ளிப் பசுமைப் படைகளுக்கும், இயற்கை ஆர்வலர் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். காட்டுக்குள் வனத்துறை அனுமதி தேவை. ஊரோரத்து ஓடையில் தொடங்க ஒரு வலையும் தட்டும் நோட்டுப் புத்தகமும் போதும். பூச்சியியல் தெரிந்த ஓர் ஆசிரியரை ஒரு நாள் அழைத்து, எண்ண வேண்டிய வகைகளை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். மழைக்கால வெள்ளத்தில் மட்டும் இறங்காதீர்கள். ஓர் இடத்தைத் தேர்ந்து, இந்த மாதம் எண்ணி எழுதிவையுங்கள். அடுத்த மாதமும் அதே இடத்துக்குப் போய் எண்ணுங்கள்.